163 ரூபாய் ஸோபா

மத்தியதரக் குடும்பங்களில் சாமான்கள் இரண்டு வகை. ஒன்று, உபயோகத்தில் இருப்பது. இன்னொன்று, "அதை என்ன பண்ணலாம்னு யோசிச்சிட்டிருக்கோம்" என்ற நிலைமையில் இருப்பது. மூடி தொலைந்த மிக்ஸி, ஒரு கால் ஆடும் கட்டில், சக்கரம் கழன்ற சூட்கேஸ் எல்லாம் இரண்டாவது வகை. இந்த வகைக்குத் தலைவர் யாரென்றால், ஹாலில் நடுநாயகமாக வீற்றிருக்கும் பழைய ஸோபா. மற்றதையெல்லாம் பரணில் ஏற்றி மறந்துவிடலாம். ஸோபாவை ஏற்ற முடியாது. வருகிற விருந்தாளிகள் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, அதைப் பற்றியே அபிப்பிராயம் சொல்வார்கள்.

எங்கள் வீட்டு ஸோபாவுக்கு வயது 35. எனக்கு ஒரு வருஷம் தம்பி. அப்பாவுக்கு அரியர்ஸ் பணம் வந்த 1990-ல், 6,500 ரூபாய்க்கு வாங்கியது. மூன்று பேர் உட்காருகிற பெரியது ஒன்று, தனித்தனி ஆசனம் இரண்டு. மரூன் கலர் ரெக்ஸின். மே மாதத்தில் பனியன் போடாமல் சாய்ந்தால் முதுகை விடாது. எழுந்திருக்கும்போது டேப் பிரிக்கிற மாதிரி 'டர்ர்' என்று ஒரு சத்தம் வரும்.

இந்த ரெக்ஸினுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அது ஒரு பொருளின் பெயரே அல்ல, ஒரு கம்பெனியின் பிராண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில், துணி மேல் பூச்சு பூசித் தோல் மாதிரி தயாரித்தார்கள். தோலைவிட மலிவு என்பதால் பஸ் ஸீட்டு, ரயில் ஸீட்டு, புத்தக அட்டை என்று எல்லா இடத்துக்கும் போனது. நம்மூருக்கு வந்து பொதுப் பெயராகவே ஆகிவிட்டது. ஆட்டோ ஸீட்டில் கிழிந்திருப்பதையும் நாம் ரெக்ஸின் என்றுதான் சொல்கிறோம்.

போன வருஷம் ஒரு நாள் சகதர்மிணி அறிக்கை வெளியிட்டாள். "ஏங்க, இந்த தீபாவளிக்கு இந்த ஸோபா இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்." மாமியார் ஸ்தானத்தில் இருக்க வேண்டிய வசனம் ஸோபாவுக்குப் போனதில் எனக்கு ஒரு நிம்மதி. இருந்தாலும் முடிவு எடுத்தாக வேண்டுமே?

பி.காம். படித்தவனிடம் பிரச்னையைக் கொடுத்தால் முதல் காரியமாகத் தேய்மானம் போடுவான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாங்கள் கல்லூரியில் படித்த வருமான வரி விதிப்படி, மேஜை நாற்காலி வகையறாவுக்கு வருஷத்துக்குப் 10 சதவீதம், அதுவும் குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மேல். 6,500 முதல் வருஷக் கடைசியில் 5,850. அடுத்த வருஷம் 5,265. இந்த முறையில் ஒரு விசேஷம், மதிப்பு தேய்ந்துகொண்டே போகுமே தவிர பூஜ்யம் ஆகவே ஆகாது. 35 வருஷத்துக்குக் கால்குலேட்டரைத் தட்டினேன். 163 ரூபாய்.

காயலான் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு 800 ரூபாய் தருகிறேன் என்றார். புத்தக மதிப்பைவிட 637 ரூபாய் லாபம். இதைச் சந்தோஷமாக மனைவியிடம் சொன்னேன். "அந்த லாபத்துல புது ஸோபாவோட ஒரு கால் வாங்கலாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஷோரூமுக்குப் போனோம். 'எல்' ஷேப், சாம்பல் கலர், 46,000 ரூபாய். கழுத்தில் டை கட்டின பையன் பிரமாதமாகப் பேசினான்.

"எக்ஸ்சேஞ்ச் இருக்கு ஸார். உங்க பழைய ஸோபாவுக்கு 3,000 குறைச்சுக்கலாம்."

"வந்து பார்க்க வேண்டாமா?"

"வேண்டாம் ஸார். எந்தக் கண்டிஷன்ல இருந்தாலும் 3,000."

பார்க்காமலே ஒருவர் விலை சொல்கிறார் என்றால், நம் பணத்தையே எடுத்து நமக்குத் தருகிறார் என்று அர்த்தம்.

"வட்டியே இல்லாத இ.எம்.ஐ. இருக்கு ஸார்" என்றான் அடுத்து. இந்த இடத்தில் ஆபீஸ் நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவும். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இப்போது 'நோ காஸ்ட்' என்ற பெயரில் நடப்பது வேறு. வங்கி வட்டி போடும். கடைக்காரர் அந்த வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுப்பார். மொத்தப் பணம் கொடுக்கிறவருக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடி, வட்டிக் கணக்கில் போய்விடும். கிரெடிட் கார்டு என்றால், அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அது தவிர பிராசஸிங் கட்டணம். இரண்டும் நம் தலையில். வட்டி இல்லை, வால் மட்டும் உண்டு.

"உள்ளே என்ன மரம்?" என்று கேட்டேன்.

"இன்ஜினியர்டு வுட் ஸார்" என்றான் பெருமையாக. வீட்டில் ஏற்கெனவே தம்பி ஒரு இன்ஜினியர். அதனால் எனக்கு மரியாதை வரவில்லை. மரத்தூளையும் சில்லுகளையும் பசை போட்டு அழுத்தின பலகைக்கும் அதே பெயர்தான். எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. நல்ல பிளைவுட்டும் அந்தப் பெயரில்தான் வருகிறது. ஆனால் தூள் பலகைக்குத் தண்ணீர் ஆகாது. 2015 டிசம்பர் மழையில் எங்கள் வீட்டுக்குள் அரையடித் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. எதிர்வீட்டுக்காரரின் புத்தம் புது ஸோபா, டீயில் முக்கின ரஸ்க் மாதிரி அடியில் ஊதி உதிர்ந்துவிட்டது. எங்கள் கிழவர், காலை மட்டும் நனைத்துக்கொண்டு கரையேறிவிட்டார். தேக்கு.

(தேக்கு என்ற நம் வார்த்தைதான் கேரளக் கடற்கரையில் போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து, இங்கிலீஷில் 'டீக்' ஆனது. மரத்தை ஏற்றுமதி செய்தோம், பெயரையும் சேர்த்துக் கட்டி அனுப்பினோம்.)

அடுத்த கட்டமாக, குஷன் வேலை செய்கிற பாய் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் வந்ததும் ஸோபாவைப் பார்க்கவில்லை, உட்காரவும் இல்லை. முன்பக்கத்து ஒரு காலைப் பிடித்து அரையடி தூக்கினார். எதிர்முனைக் காலும் கூடவே எழும்பியது.

"சட்டம் நல்லா இருக்கு ஸார். ஒரு பக்கம் தூக்கினா மறுபக்கம் கூடவே வரணும். வராம முறுக்கிக்கிட்டா, மூட்டு விட்டுப்போச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல துணி போடறது வேஸ்ட்."

பிறகு கைப்பிடியை ஆட்டினார். தலைகீழாகக் கவிழ்த்து, அடித்துணியைப் பிரித்து, மாவு மாதிரி தூள் கொட்டியிருக்கிறதா என்று பார்த்தார். கொட்டியிருந்தால் பூச்சி உள்ளே குடித்தனம் நடத்துகிறது என்று பொருள். தேக்கின் வைரப் பகுதியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையான் சுலபத்தில் வராது. ஓரத்து வெள்ளைப் பகுதியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. எங்கள் ஸோபாவில் மூட்டுகளில் ஆணியே இல்லை. ஒரு கட்டையில் துளை, இன்னொன்றில் நாக்கு, இரண்டையும் சேர்த்து மர முளை அடித்திருந்தார்கள். பாய் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை இப்ப செய்யச் சொன்னீங்கன்னா நீங்க கேக்கற விலைக்கு எவனும் வரமாட்டான்" என்றார்.

எஸ்டிமேட் கொடுத்தார். துணி 16 மீட்டர், மீட்டர் 450 வீதம் 7,200. ஃபோம் 7,500. பெல்ட் வகையறா 1,500. கூலி, ஸீட்டுக்கு 1,600 வீதம் ஐந்து ஸீட்டுக்கு 8,000. பாலிஷ் 3,000. ஆக மொத்தம் 27,200.

தராசின் ஒரு தட்டில் 27,200. இன்னொரு தட்டில் எக்ஸ்சேஞ்ச் போக 43,000. இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். "அடேயப்பா, 6,500-க்கு வாங்கின ஸோபாவுக்கு 27,000 செலவா?" என்று கேட்பார்கள். 1990-ல் கொடுத்த 6,500 போன பணம். அது இந்தக் கணக்கில் வரவே கூடாது. பார்க்க வேண்டியது, இனிமேல் போடுகிற பணம் எத்தனை வருஷம் ஓடும் என்பதுதான். பாய் பத்து வருஷம் என்றார். அப்படியானால் வருஷத்துக்கு 2,720 ரூபாய். புது ஸோபா அதே கணக்குக்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 16 வருஷம் உழைக்க வேண்டும். ஷோரூம் பையனிடம் வாரண்டி எவ்வளவு என்று கேட்டிருந்தேன். ஒரு வருஷம் என்றான்.

கணக்கு முடிந்தது, கேஸ் முடிந்தது என்று நினைக்காதீர்கள். கல்யாணமானவர்களுக்குத் தெரியும், கணக்கில் ஜெயிப்பது வேறு, வீட்டில் ஜெயிப்பது வேறு.

"இதெல்லாம் கணக்கே இல்லீங்க. உங்க அப்பா வாங்கினது. அதான் உங்களுக்கு விட மனசில்லை" என்றாள்.

அவள் பக்கம் ஒரு பெரிய ஆதாரமே இருக்கிறது. அமெரிக்காவில் கானிமன், நெட்ஷ், தேலர் என்ற மூன்று பேராசிரியர்கள் 1990-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபி கோப்பையை இனாமாகக் கொடுத்தார்கள். பிறகு, கொடுக்கப்பட்டவர்களிடம் "என்ன விலைக்கு விற்பாய்?" என்றும், கிடைக்காதவர்களிடம் "என்ன விலைக்கு வாங்குவாய்?" என்றும் கேட்டார்கள். கோப்பை கையில் இருந்தவர்கள் சொன்ன விலை, இல்லாதவர்கள் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொஞ்ச நேரம் கையில் இருந்த கோப்பைக்கே அந்தப் பாசம் என்றால், 35 வருஷம் முதுகு ஒட்டின ஸோபாவுக்கு எவ்வளவு இருக்கும்! (தேலருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் வீட்டில் இதையெல்லாம் பரிசில்லாமலே கண்டுபிடிக்கிறார்கள்.)

ஆக, கணக்கு என் பக்கம், நோபல் பரிசு அவள் பக்கம். கேஸ் வாய்தா மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. தீர்ப்பு வந்தது, இதுவரை வாயே திறக்காத மூன்றாவது கட்சிக்காரரிடமிருந்து.

அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம். (அதற்கும் குறைந்துகொண்டே வரும் முறைதான்.) ஷோரூமுக்கு அவளும் வந்திருந்தாள். 'எல்' ஷேப்பில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம், அம்மாவும் உட்கார்ந்தாள். நல்ல மெத்தென்று இருந்தது. தரையிலிருந்து உயரம் குறைவு, ஆழம் ஜாஸ்தி. கால் மேல் கால் போட்டு டி.வி. பார்க்க ஏற்பாடானது. எழுந்திருக்கும்போது நான் ஒரு கையையும் ஷோரூம் பையன் ஒரு கையையும் பிடிக்க வேண்டியிருந்தது. அம்மா சிரித்துக்கொண்டே, "நன்னாயிருக்கு, உங்களுக்குப் பிடிச்சா வாங்கிக்கோங்கோ" என்று சொல்லிவிட்டாள்.

மனைவி அதைக் கவனித்திருக்கிறாள். ஒரு நாள் ராத்திரி சமையலறையில் அவளாகவே கேட்டிருக்கிறாள். "அத்தை, மாமா ஞாபகமா இது இருக்கட்டும்னு உங்களுக்குத் தோணுதா?"

"ஞாபகமாவது ஒண்ணாவது! அவர் இதுல உக்காந்து நான் பார்த்ததே இல்லை. அவருக்கு ஈஸிசேர்தான். வர்றவாளுக்குன்னு வாங்கிப் போட்டார். துணி போனா என்ன, ஸோபா போனா என்ன? எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதாம்மா. நீ ஆபீஸ் போயிடறே. அவன் எழுதறேன்னு எங்கேயாவது போயிடறான். பதினோரு மணிக்கு காலிங் பெல் அடிச்சா, யார் கையையும் பிடிக்காம நானே எழுந்து போய்க் கதவைத் திறக்கணும். அதுக்குத்தான் ரெண்டு வருஷமா பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துண்டிருக்கேன்."

மனைவி வந்து இதை என்னிடம் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், "பாயை வரச் சொல்லுங்க" என்றாள். அத்தோடு கேஸ் பைசல்.

பழைய ஸோபா அப்படியே இருந்தாலும் அம்மாவுக்குப் பிரயோஜனம் இல்லை. பெல்ட் தொய்ந்து, ஃபோம் அமுங்கி, உட்கார்ந்தால் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி ஆகியிருந்தது. பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் அளவெடுத்தது ஸோபாவை அல்ல, அம்மாவை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொல்லி, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை டேப் வைத்தார். 17 இன்ச். "உக்காந்து அமுங்கினப்புறம் 18 நிக்கணும் ஸார். முட்டி இடுப்பை விட மேலே போகக் கூடாது. போச்சுன்னா எழுந்திருக்க முடியாது" என்றார். எந்தக் காலேஜில் படித்தாரோ தெரியாது.

அன்றைக்குத்தான் ஃபோம் பற்றி ஒரு பாடம் நடந்தது. கடையில் '32 டென்ஸிட்டி', '40 டென்ஸிட்டி' என்பார்கள். பலர் அது கெட்டித்தனம் என்று நினைக்கிறார்கள். இல்லை, அது எடை. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. டென்ஸிட்டி கூடினால் பொதுவாக நாள்பட உழைக்கும், சீக்கிரம் பள்ளம் விழாது. கெட்டியா மெத்தையா என்பது தனி விஷயம், அதைத் தனியாகக் கேட்க வேண்டும். ஏமாறாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 22-க்கு 22 இன்ச், 4 இன்ச் கனமுள்ள ஒரு துண்டு, 32 டென்ஸிட்டி என்றால் சுமார் ஒரு கிலோ இருக்க வேண்டும். 40 என்றால் ஒன்றேகால் கிலோ. காய்கறிக்காரர் தராசில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

துணிக்குப் பெரியமேடு போனோம். பளபளவென்று 'லெதர் மாதிரி' ஒன்றைப் பார்த்து மனைவி மயங்கினாள். பாய் தலையாட்டினார். அந்த பி.யூ. பூச்சுக்கும் நம்மூர்ப் புழுக்கத்துக்கும் ஆகாது. காற்றிலுள்ள ஈரமே பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, சில வருஷத்தில் வெயிலில் கருகின முதுகு மாதிரி உரித்துவிடும். பழுப்புக் கலரில் கெட்டித் துணியாகவே எடுத்தோம். கழற்றித் துவைக்கிற மாதிரி ஜிப் வைக்கச் சொன்னோம்.

மூன்று நாள் ஹாலிலேயே வேலை. பழைய ரெக்ஸினைப் பிரித்தபோது உள்ளேயிருந்து கிடைத்தவை: ஹேர்பின் ஒன்பது, பேனா மூடி இரண்டு, பல்லவன் பஸ் டிக்கெட் ஒன்று, ஒரு ரூபாய் எழுபத்தைந்து காசு. அந்த எழுபத்தைந்தும் மூன்று நாலணாக்கள். 2011 ஜூன் 30-க்குப் பிறகு நாலணா செல்லாது. ஆகவே நிகர வரவு ஒரு ரூபாய். அதையும் கணக்கில் காட்டினேன். எஸ்டிமேட் 27,200 என்பது கடைசியில் 28,900 ஆனது. நூல், கம், கால்களுக்கு அடியில் ஒரு இன்ச் ரப்பர் புஷ் என்று வளர்ந்தது. எஸ்டிமேட்டுக்குள் முடிந்த வேலையை இந்தியாவில் யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கிழவர் ஹாலில் இருக்கலாம். பாசம், கௌரவம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு காலைத் தூக்கிப் பாருங்கள். சட்டம் முறுக்கினால், தூள் கொட்டினால், உள்ளே தூள் பலகையாக இருந்தால், கௌரவமாக வழியனுப்பி வையுங்கள். அதற்குப் புதுத் துணி போடுவது கண்ணாடி உடைந்த வீட்டுக்கு ஜன்னல் திரை போடுகிற மாதிரி. செலவு புதுசின் விலையில் முக்கால் பங்கைத் தாண்டினாலும் ஒரு தடவை யோசியுங்கள். சட்டம் நன்றாக இருந்தால், பகலெல்லாம் அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்று பாருங்கள். அவரைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்காருகிற நாம் கலரைப் பற்றிப் பேசினால் போதும்.

பதினோரு மணிக்கு கூரியர் பையன் வந்தால் இப்போது அம்மாதான் கையெழுத்துப் போடுகிறாள். இரண்டு கைப்பிடியிலும் உள்ளங்கையை ஊன்றி, 'முருகா' என்று ஒரு தரம் சொல்லி எழுந்துவிடுகிறாள். பிளாஸ்டிக் சேர் பால்கனிக்குப் போய்விட்டது.

இத்தோடு சுபம் போட்டிருக்கலாம். ஆனால் பிரான்சில் 18-ஆம் நூற்றாண்டில் டிடரோ என்றொரு அறிஞர் இருந்தார். அவருக்கு ஒரு புது அங்கி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால், அறையில் இருந்த நாற்காலி, மேஜை, படம் எல்லாமே பழசாகத் தெரிய, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அவஸ்தைப்பட்டு, பழைய அங்கியை நினைத்து உருகி ஒரு கட்டுரையே எழுதினார். ஒன்று புதுசானால் மற்றதெல்லாம் பழசாகிவிடும் இந்த வியாதிக்கு, 1988-ல் மெக்ராக்கன் என்ற ஆராய்ச்சியாளர் அவர் பெயரையே வைத்துவிட்டார். புதுசு வாங்காமல் உறை மட்டும் மாற்றினால் இந்த வியாதி அண்டாது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நேற்று சாயங்காலம் மனைவி புது ஸோபாவில் சாய்ந்து, ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏங்க, இந்த ஸ்கிரீன் துணியெல்லாம் எந்த வருஷம் வாங்கினது?"

கால்குலேட்டரை எடுத்தேன்.